மேல மிச்ச லைட்டெல்லாம் எரியுதா சாமி?

உக்காருங்க, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாமுங்க, ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. பொண்ணையும் அம்மாவையும் மேல ரூம் பாக்க அனுப்பிட்டீங்களா? அப்ப சித்தே நேரம் ஆகும். பொம்பளைங்க ரூம் பாக்கப் போனா அலமாரியில எத்தனை தட்டு இருக்குதுன்னு எண்ணிட்டுத்தான் எறங்குவாங்க. நாம போக முடியாதுங்க. போர்டைப் பாத்தீங்கள்ல? 'ஆண்கள் படியேறக் கூடாது.' அப்பனானாலும் அண்ணனானாலும் இந்த விசிட்டர் ரூம்தான் நமக்கு எல்லை. நல்ல விதிதானுங்க, நான் குறை சொல்லலை.

ஃபேன் ஓடாதுங்க. கரண்ட் போகலை, படிக்கட்டுக்கும் இந்த ரூமுக்கும் மட்டும் நிறுத்தி வெச்சிருக்கறோம். டெஸ்ட் நடக்குது. உங்க தலைக்கு மேல வெள்ளைப் பெட்டி எரியுதுல்லீங்க, அதுதான் எமர்ஜென்சி லைட். கரண்ட் போனா தானா எரியோணும், ஒன்றரை மணி நேரம் தாங்கோணும், அதுக்குள்ள உள்ள இருக்கற சனம் பத்திரமா வெளிய வந்துரோணும். அது எரியுதான்னு பாத்து சர்ட்டிபிகேட் குடுக்கறதுதான் என்ற சோலி. பேரு திருமூர்த்தி. இருபத்திரண்டு வருசமாச்சுங்க. காம்ப்ளக்ஸ், கல்யாண மண்டபம், வாடகைக்கு விடற கட்டடம், இந்த மாதிரி ஹாஸ்டல். கோயமுத்தூர்ல நான் ஏறாத படிக்கட்டே இல்லை. இந்தப் படிக்கட்டு ஒண்ணுதான் பாக்கி.

இருங்க, கூப்பிடறா.

கேட்டுச்சுங்களா? 'மூணாவது மாடி அணைஞ்சிருச்சு.' நாலாவது மாடி பத்தே நிமிசத்துல போயிருச்சுங்க. மொத்தம் அஞ்சு லைட்டு. இங்க ஒண்ணு, படி திருப்பத்துல மாடிக்கு ஒண்ணா நாலு. இப்ப மிச்சம் மூணு. மூணு மணிக்கு ஆரம்பிச்சோம், இப்ப மூணு இருபத்தஞ்சு. எழுதிக்கறேன். குரல் யாருதுங்கறீங்களா? என்ற மகளுங்க. மதுமிதா. இங்கதான் தங்கியிருக்கறா, சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை. எட்டு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் அவ குரலைக் கேக்கறேன். அதுவும் எங்கிட்டப் பேசலை, பாத்துக்கங்க. லைட்டைப் பத்திச் சொல்றா. முன்னால ஒரு 'அப்பா' இல்லை. மேலயும் கீழயும் நடந்துட்டே இருக்கறா, முதல் மாடித் திருப்பத்துக்கு வர்றப்ப இங்கிருந்து செருப்பு மட்டும் தெரியுது. நீலச் செருப்பு. புதுசா வாங்கியிருக்கறா போல.

ஏன் பேசறதில்லைன்னுதானே பாக்கறீங்க. நீங்களும் பொண்ணைப் பெத்தவர், சொன்னாப் புரியும்.

முதல்ல என்னைப் பத்திச் சொல்லீர்றனுங்க. நான் இந்தத் தொழில்ல கண்டிசனான ஆளு. ஒரு கல்யாண மண்டபத்துல, பேரு வேண்டாம், மூணு மாடிக்கும் சேத்து நல்ல லைட்டு ரெண்டுதான் வெச்சிருந்தாங்க. நான் முதல் மாடி பாத்து முடிச்சதும் மேனேஜரு, 'காப்பி சாப்பிடுங்க சார், காப்பி சாப்பிடுங்க சார்'னு உக்கார வெச்சுருவாரு. அந்தச் சமயத்துல எலெக்ட்ரீசியன் பின்னாடிப் படியில லைட்டைக் கழட்டிட்டுப் போயி அடுத்த மாடியில மாட்டிருவான். மூணு மாடிக்கு மூணு காப்பி. எனக்கா தெரியாது? முதல் மாடி லைட்டுல பேனாவால ஒரு புள்ளி வெச்சுட்டுப் போனேன். மூணாம் மாடியில பாத்தா அதே புள்ளி. 'ஏனுங்க மேனேஜர், உங்க லைட்டுக்கு மச்சம் இருக்குதுங்களே'ன்னேன். மூஞ்சி போன போக்கைப் பாக்கோணுமே! கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டு வந்துட்டேன். அப்பேர்ப்பட்ட ஆளுங்க நான்.

இந்த ஹாஸ்டலும் எங்கிட்டப் பத்து வருசமா இருக்குது. இங்க மட்டும் மேல போக வழியில்லை. அதனால ஒரு ஏற்பாடு. ஜெபமணி அம்மான்னு ஒரு வார்டன் இருந்துச்சு. தூத்துக்குடிப் பக்கம். தங்கமான மனுசி. அது ஸ்டூலைத் தூக்கிட்டு மேல போகும். நான் இங்க படிக்குக் கீழ நின்னு, 'எரியுதுங்களா?'ன்னு சத்தம் குடுப்பேன். அது பொத்தானை அழுத்திப் பாத்துட்டு, 'எரியுது சார்'னு சொல்லும். நான் டிக் அடிப்பேன். நாலு மாடியும் அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுரும். அப்பறம் இந்த ரூம்ல இருக்கறதை நானே ஏறிப் பாப்பேன். பேட்டரியக் கழட்டி, மீட்டர் வெச்சு, தொடச்சு மாட்டுவேன். இதை மட்டும் எந்த வருசமும் விட்டதில்லை.

பொத்தானை அழுத்துனா எப்பிடியும் எரியுமேன்னு கேக்கறீங்களா? பரவால்லையே, வெவரமான ஆளுதான் நீங்க. எரியுமுங்க. சாகப்போற பேட்டரிகூட அஞ்சு செகண்டுக்கு எரியும். சட்டியில இருந்தாத்தானுங்களே அகப்பையில வரும், அதை நின்னு பாத்தாத்தான் தெரியும். ஆனா வருசம் நூத்தம்பது கட்டடம். ஒவ்வொண்ணுலயும் ஒன்றரை மணி நேரம் உக்காந்தா நான் ஊட்டுக்கு எப்பப் போறது? ஊர் உலகத்துல யாரும் உக்கார்றதில்லைங்க.

போன வருசம் ஒரு தமாசு. ஜெபமணி அம்மா மூணாவது மாடியில நின்னுட்டு, 'சார், இது மங்கலாத் தெரியுது சார்'ங்குது. எனக்குக் கீழ ஆட்டோ நிக்குது, அடுத்து உக்கடத்துல ஒரு கட்டடம். 'மங்கலா எரிஞ்சாலும் எரியறதுதானுங்கம்மா, எரியுதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க'ன்னேன். அப்பறம், 'எரியுது சார்'னுச்சு. நான் டிக் அடிச்சுட்டேன். இதை அப்பெல்லாம் தமாசாத்தானுங்க சொல்லிட்டிருந்தேன்.

அதோ செவுத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருக்குது பாருங்க, அதுதான் அந்த சர்ட்டிபிகேட். நீங்க வந்ததும் நின்னு படிச்சீங்க, நான் பாத்தேன். 'அனைத்து விளக்குகளும் நேரில் பரிசோதிக்கப்பட்டன.' அந்தக் கையெழுத்து என்றதுதான்.

மதுவுக்கு இங்க வேலை கெடைச்சப்ப அவ அம்மா, காரமடையிலிருந்து தெனம் பஸ்ல போயிட்டு வரட்டும்னா. நான்தான், 'பைத்தியமே, நானே சர்ட்டிபிகேட் குடுத்த ஹாஸ்டல் இருக்குது, கண்ணை மூடிட்டு விடலாம்'னு கொண்டாந்து சேத்துனேன். இதே ரூம்ல, இதே சேர்ல உக்காந்து ஃபாரம் நிரப்புனேன்.

என்ன சாமி? ம்... ரெண்டாவதா? சரி, எழுதிக்கறேன்.

ரெண்டாவது மாடியும் போச்சுங்க. மூணு நாப்பது. பாத்தீங்களா, 'எழுதிக்கறேன்'னதுக்கு ஒரு 'உம்'மாச்சும் சொன்னாளா? நடந்து போயிட்டா.

எட்டு மாசம் முன்ன ஒரு நாள், சாயங்காலம் ஆறரை இருக்கும், நல்ல மழை. கரண்ட் போயிருச்சு, ஜெனரேட்டர் எடுக்கலை. இவளும் இவ ரூம்ல இருக்கற சங்கவின்னு ஒரு பொண்ணும் மொட்டை மாடியில துணி எடுத்துட்டு எறங்கறாங்க. சங்கவிக்கு ரெண்டு கையிலயும் பக்கெட்டு. லைட்டு எரிஞ்சிருக்குதுங்க, எரியாம இல்லை. எரியுதுன்னு நம்பித்தான் எறங்கியிருக்காங்க. மூணாவது மாடித் திருப்பத்துல கால் வெச்சப்ப அங்கிருந்த லைட்டு பட்டுனு அணைஞ்சு போச்சு. பக்கத்துக் கட்டடத்துல பசங்க குடியிருக்காங்கன்னு படிக்கட்டு ஜன்னலுக்கெல்லாம் தகரம் அடிச்சிருக்குது, பகல்லயே கும்மிருட்டு. அந்தப் பொண்ணு பதினோரு படி உருண்டு போச்சு. இடுப்பெலும்பு. கம்பம் ஊர்ல அவ அப்பா ஏலக்காய்க் கடையில கணக்கு எழுதறவர். இப்பக் கம்பு ஊனி நடக்குதாம். இருபத்தி மூணு வயசுங்க.

என்ற மக அந்த இருட்டுல அவளை மடியில போட்டுட்டு முக்கால் மணி நேரம் உக்காந்திருக்கறா. தூக்கவும் பயம், விட்டுட்டு எறங்கவும் பயம். ஆம்புலன்ஸ் வந்து, எல்லாரும் போன பொறவு கீழ வந்து, அந்தக் கண்ணாடியில இருக்கறதைப் படிச்சிருக்கறா. அதுக்கு முந்தி எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருப்பா, படிச்சதில்லை. நேரா எனக்குப் போன் பண்ணுனா. 'அப்பா, நீங்க மேல ஏறிப் பாத்தீங்களா?' ஒரே ஒரு கேள்வி. நான் என்ன பொய்யா சொல்ல முடியும்? 'ஆம்பளைங்க ஏறக் கூடாதே சாமி'ன்னேன். உடனே கேட்டா பாருங்க, 'தண்ணி கேன் போடற அண்ணன் வாரத்துக்கு மூணு நாள் மேல வர்றாரேப்பா.'

அது உண்மைதானுங்க. கேன்காரன் வருவான், குழாய் ரிப்பேருக்கு ஆள் வருவாங்க. வார்டன் ஒரு மணி வெச்சிருக்கும். அதை அடிச்சு, 'ஆள் வருது, ஆள் வருது'ன்னு சத்தம் போட்டா பொண்ணுங்கெல்லாம் ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்குவாங்க. பத்து நிமிசம். ஆனா நான் கேன்காரன் இல்லையே. சர்ட்டிபிகேட் குடுக்கற ஆளு, போர்டுல ஒண்ணு எழுதியிருந்தா அதை மதிக்கோணுமில்ல? மணியடிக்கச் சொல்லி நான் கேட்டதில்லை, அதுவும் நெசம். பத்து வருசத்துல ஒரு தடவைகூடத் தோணலை. நாலு மாடி, எனக்கு மூட்டு வலி வேற.

அதுக்கப்பறம் கேஸ் ஆயிருச்சு. ஓனரம்மாவோட வக்கீல் என்ன சொல்றாருன்னா, சர்ட்டிபிகேட் சரியா இருக்குது, அதுக்கப்பறம் பேட்டரியக் கவனிக்காம விட்டது வார்டன்தான். ஜெபமணி அம்மாவை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. கேஸ்ல பேரும் சேத்துட்டாங்க. வர்ற வியாழக்கிழமை அதுக்குக் கோர்ட்டு. பாவந்தானுங்க. ஆனா எரியுதுன்னு சொன்னது அதுதானே? மேல நின்னது அது, கண்ணால பாத்தது அது. நான் கீழ இருந்தேன். நீங்களே சொல்லுங்க. இல்லை, சொல்ல வேண்டாம், விடுங்க.

மது கேக்கறது ஒண்ணே ஒண்ணு. 'நான் மேல ஏறிப் பாக்கலை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கோணுமாம். குடுத்தா ஜெபமணி அம்மா தப்பிச்சுரும். எனக்கு லைசென்ஸ் போயிரும். கேஸும் என் மேல திரும்பும். 'எழுதிக் குடுத்துட்டுக் கூப்பிடுங்க, அது வரைக்கும் பேச மாட்டேன்'னா, போனை வெச்சுட்டா. சொன்ன சொல்லு மாறவே இல்லை. அதுல என்னை மாதிரி. ஞாயித்துக்கிழமையானா அவ அம்மா அரிசிம்பருப்புச் சாதம் செஞ்சு குடுத்துடுவா. இதோ, இந்தத் தூக்குச்சட்டியில இருக்குது. நான் கொண்டாந்து இந்த மேசை மேல வெச்சுட்டு உக்காந்திருப்பேன். நான் போன பொறவு வந்து எடுத்துக்குவா. அடுத்த வாரம் கழுவுன தூக்கு இங்க இருக்கும். முப்பது ஞாயித்துக்கிழமைக்கு மேல ஆச்சுங்க. எழுதுனா பொழப்பு போச்சு, எழுதாட்டி மக போனா. ரெண்டு பக்கமும் தீ வெச்ச கொள்ளியில எறும்பு கெடக்குமே, அதுதான் நான். அழுகையா வருது சில நாளைக்கு. பஸ்ல உக்காந்து அழுதிருக்கறேன்.

சித்தே இருங்க, போன். ஓனரம்மா.

'சொல்லுங்கம்மா... ஆமாங்கம்மா, இங்கதான் இருக்கறேன்... இல்லைங்க, இன்னும் முடியலைங்க... வழக்கம் போலத்தானுங்கம்மா, சித்தே லேட்டாகுது... சரிங்க, சாயங்காலத்துக்குள்ள... சரிங்கம்மா, சரிங்கம்மா.'

பாத்தீங்களா. ஹாஸ்டல் லைசென்ஸ் புதுப்பிக்கோணும், இன்னைக்கே பேப்பர் வேணுமாம். பத்து வருசத்துல மாத்துன பேட்டரி எத்தனைன்னு கேட்டா அந்தம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னைக்கு வேற ஆளை அனுப்பியிருக்கலாம். மக கண்ணுல பட மாட்டாளான்னுதான் நானே வந்தேன். புது வார்டன் சின்னப் பொண்ணு, ஸ்டூல் மேல ஏறப் பயம்னுச்சு. அப்பத்தான் மேலிருந்து குரல் வந்துச்சு, 'நான் பாத்துச் சொல்றேன்'னு. 'சரி சாமி, பொத்தானை அழுத்திப் பாரு'ன்னேன். 'பொத்தான் வேண்டாம். மெயினை நிறுத்தியாச்சு. ஒன்றரை மணி நேரம். உக்காருங்க'ன்னுட்டா. மெயின் பெட்டி முதல் மாடியில இருக்குது, அவ கையில. நான் உக்காந்துட்டேன்.

ம்? ஆமா, கேக்குது. முதல் மாடி.

நாலு மணி அஞ்சு. போச்சுங்க. மேல இருக்கறதுல ஒண்ணுகூட ஒன்றரை மணி நேரம் தாங்கலை. இப்ப எரியறது இது ஒண்ணுதான், நம்ம தலைக்கு மேல இருக்கறது. பாருங்க, எப்பிடிப் பளிச்சுனு நிக்குது. நான் கையால கழட்டித் தொடச்சு மாட்டுனது. இன்னும் ஒரு மணி நேரம் எரியும் இது.

இருங்க இருங்க, மேல யாரு பேச்சுச் சத்தம்? உங்க ஊட்டம்மா குரல்தானுங்களே அது? எறங்கறாங்களா? ஐயோ. அம்மா, எறங்காதீங்க! அங்கயே நில்லுங்க! படியில வெளிச்சமில்லை! மது, மெயினைப் போடு சாமி, மெயினைப் போடு!

...போட மாட்டாளாமுங்க. 'ஒரு லைட்டு எரியுது, டெஸ்ட் முடியலை, பாதியில நிறுத்தக் கூடாது, நான் செல்போன்ல வெளிச்சம் காட்டிக் கூட்டிட்டு வர்றேன்'ங்கறா. பாதியில நிறுத்தக் கூடாதுங்கறது நான் சொல்லிக் குடுத்ததுதான். பத்தாவது படிக்கறப்ப பேட்டரி பரிசோதிக்க எங்கூட உக்காந்திருப்பா. நீங்க உக்காருங்க, பயப்படாதீங்க. அவ பத்திரமாக் கூட்டிட்டு வந்துருவா.

கேக்குதா? படி எண்ணறா. 'ஒண்ணு... கையைப் புடிங்கம்மா... ரெண்டு... நீயும் புடிச்சுக்க, அவசரமில்லை... மூணு.' அன்னைக்கும் இப்பிடித்தான் எண்ணுனாளாம். சங்கவி மயங்கீரக் கூடாதுன்னு படியை எண்ணச் சொல்லி, தானும் எண்ணிட்டே இருந்தாளாம், முக்கால் மணி நேரம். அவ அம்மாகிட்டச் சொல்லியிருக்கறா. அவ அம்மா எங்கிட்டச் சொன்னா. நான், 'சரி, சரி'ன்னு டிவியைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். இன்னைக்குத்தான் காதால கேக்கறேன்.

மூணாவது மாடித் திருப்பம் இது. அங்கதான்... எண்ணு சாமி, நிறுத்தாதே.

ஏனுங்க, உங்ககிட்டப் பேனா இருக்குதுங்களா? எங்கிட்ட இருக்குது, கைதான் எழுத வர மாட்டேங்குது. இந்த ஃபாரத்துக்குப் பின்னால வெறுந்தாளுதான். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. புண்ணியமாப் போகும். சத்தமாவே சொல்றேன், அவளுக்குக் கேக்கட்டும்.

'திருமூர்த்தி ஆகிய நான்.' எழுதுனீங்களா? 'போன வருடம் இந்த விடுதிக்குச் சர்ட்டிபிகேட் கொடுத்தபோது, மேல் மாடிகளில் இருந்த நான்கு விளக்குகளையும் நேரில் பார்க்கவில்லை. மூன்றாவது மாடி விளக்கு மங்கலாக இருக்கிறது என்று வார்டன் ஜெபமணி என்னிடம் சொன்னார். நான்தான் எரிகிறது என்று சொல்லச் சொன்னேன்.' ம், அப்பிடித்தான். அப்பறம் ஒரு வரி. 'ஆண்கள் படியேறக் கூடாது என்ற விடுதி விதியின் காரணமாக என்னால் மேலே...'

மது, எண்ணறதை ஏன் நிறுத்திட்டே?

கேட்டுச்சுங்களா என்ன சொன்னான்னு? 'அப்பா, அந்த வரியை அடிக்கச் சொல்லுங்க.'

அடிச்சிருங்க. நல்லா அழுத்தி அடிங்க, படிக்கவே முடியக் கூடாது. அவ்வளவுதான். அதோ, செருப்பு தெரியுது, வந்துட்டாங்க. உங்க பொண்ணு நல்லாத்தான் இருக்குது, பாருங்க, சிரிச்சுட்டு வருது. கையெழுத்து எங்க போடோணும், விரலை வெச்சுக் காட்டுங்க.